பகுவல்

பகுவல் அல்லது பிராக்டல் என்பது, எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் நுண்ணிய அமைப்பு குறையாமல் தோன்றிக்கொண்டே இருக்கும் வடிவத்தைக் குறிக்கும் கணிதச் சொல் ஆகும். பெரும்பாலான பகுவல்களில் வடிவத்தின் ஒரு சிறு பகுதி முழு வடிவத்தையே ஒத்திருக்கும். இப்பண்பு தன்னொப்புமை எனப்படும். கோடு, வட்டம், சதுரம், கோளம் முதலிய வடிவங்களைக் கொண்டு மேகம், மலைத்தொடர், கடற்கரை, மரக்கிளை ஆகியவற்றை விவரிப்பது கடினம். இத்தகைய கரடுமுரடான வடிவங்களை அளவிட உதவும் கணிதப் பிரிவு பகுவல் வடிவவியல் ஆகும்.

தமிழ்நாட்டின் சிக்குக் கோலங்களுள் சில, பகுவல்களை உருவாக்கும் விதிகளால் வரையத்தக்கவை என்று கணினியியலாளர் காட்டியுள்ளனர். இத்துறையில் சென்னைக் கணிதவியலாளர்களின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது.

சொற்பொருள்

பிராக்டல் என்னும் சொல்லை 1975 இல் பெனுவா மாண்டல்பிராட் (1924–2010) என்னும் கணிதவியலாளர் தம் பிரெஞ்சு நூலொன்றில் அறிமுகப்படுத்தினார். 'உடைந்த', 'ஒழுங்கற்றுச் சிதைந்த' என்னும் பொருளுடைய பிராக்டுஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து அதனை அவர் ஆக்கினார். தமிழில் பகு (பிரி, கூறாக்கு) என்னும் வினையடியைக் கொண்டு பகுவல் என வழங்கப்படுகிறது. பிராக்டல் என ஒலிபெயர்த்து எழுதுவதும் உண்டு.

பின்னம் என்னும் தமிழ் வழக்கும் இங்கு ஒப்பிடத்தக்கது. கணக்கில் பின்னம் என்பது முழுவெண்ணின் கூறு. கோயில் வழக்கில் உடைந்த சிலையைப் 'பின்னமான சிலை' என்பர். மூல இலத்தீன் சொல்லும் இவ்வாறே உடைவையும் கூறுபாட்டையும் ஒருங்கே உணர்த்துகிறது. எனினும் பகுவலின் பரிமாணத்தைப் 'பின்னப் பரிமாணம்' என்று அழைப்பது முற்றிலும் சரியன்று. கீழே காணப்படும் கோச் வளைகோடு, சியர்பின்ஸ்கி முக்கோணம் ஆகியவற்றின் பரிமாணங்கள் இரு முழுவெண்களின் விகிதமாக எழுத முடியாத விகிதமுறா எண்கள் ஆகும். பரிமாணம் முழுவெண்ணாகவே அமையும் பகுவல்களும் உள்ளன.

வரலாறு

பகுவல் என்னும் பெயர் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அத்தகைய வடிவங்கள் கணிதத்தில் இடம்பெற்றுவிட்டன.

1872: எங்கும் தொடர்ச்சியுடையதாயினும் எப்புள்ளியிலும் தொடுகோடு வரைய இயலாத சார்பொன்றைக் கார்ல் வயர்ஸ்ட்ராஸ் வெளியிட்டார்.
1883: கியார்க் கேன்ட்டர் தம் பெயரால் வழங்கும் கேன்ட்டர் கணத்தை விவரித்தார்.
1890, 1891: பியானோவும் டேவிட் ஹில்பர்ட்டும் சதுரப் பரப்பு முழுவதையும் நிரப்பும் வளைகோடுகளை அமைத்தனர்.
1904: சுவீடன் நாட்டு ஹெல்கே வான் கோச், கோச் வளைகோட்டை வரைந்து காட்டினார்.
1915, 1916: போலந்து நாட்டு வாட்சுவாஃப் சியர்பின்ஸ்கி தம் முக்கோணத்தையும் கம்பளத்தையும் வெளியிட்டார்.
1918: ஃபீலிக்ஸ் ஹவுஸ்டோர்ஃப், முழுவெண் அல்லாத மதிப்பையும் ஏற்கும் பரிமாணக் கருத்தை உருவாக்கினார்.
1967: பிரித்தானியக் கடற்கரையின் நீளம் பற்றிய மாண்டல்பிராட்டின் கட்டுரை வெளிவந்தது.
1982: மாண்டல்பிராட்டின் இயற்கையின் பகுவல் வடிவவியல் பற்றிய ஆங்கில நூல் வெளியாகி, இச்சொல்லைப் பரவலாக்கியது.

தொடக்கத்தில் இவ்வடிவங்களைக் கணிதவியலாளர் பலர் இயல்புக்கு மாறான விகாரங்கள் என்றே கருதினர். அவை விதிவிலக்குகள் அல்ல, இயற்கையில் பரவலாகக் காணப்படுபவை என்று எடுத்துக்காட்டியதே மாண்டல்பிராட்டின் முதன்மைப் பங்களிப்பு ஆகும். கணினித் திரையில் படம் வரையும் வசதி அக்காலத்தில் வளர்ந்து வந்தது அவருக்குத் துணைபுரிந்தது.

வரைவிலக்கணம்

மாண்டல்பிராட் முதலில் தந்த வரைவிலக்கணப்படி, ஒரு கணத்தின் ஹவுஸ்டோர்ஃப் பரிமாணம் அதன் இடவியல் பரிமாணத்தைவிட மிகுதியாக இருப்பின் அது பகுவல் ஆகும். இடவியல் பரிமாணம் என்பது வழக்கமான பரிமாணம்: தனிப்புள்ளிகளுக்கு 0, கோட்டுக்கு 1, பரப்புக்கு 2, கனவுருவுக்கு 3.

இவ்வரைவிலக்கணம் குறுகியது என்று பின்னர் உணரப்பட்டது. 'சாத்தானின் படிக்கட்டு' எனப்படும் கேன்ட்டர் சார்பின் வரைபடம் எல்லாவகையிலும் பகுவல் போலவே தோன்றினும், அதன் இருவகைப் பரிமாணங்களும் 1 ஆகவே உள்ளன. எனவே இக்காலத்தில் ஒரே இறுதியான வரைவிலக்கணம் கொள்ளப்படுவதில்லை. பின்வரும் பண்புகளில் பெரும்பாலானவற்றைக் கொண்ட வடிவம் பகுவல் எனக் கொள்ளப்படுகிறது.

1. எந்த நுண்ணிய அளவிலும் புதிய விவரங்கள் காணப்படும்.
2. வழக்கமான வடிவவியலின் மொழியில் எளிதில் விவரிக்க இயலாத அளவு ஒழுங்கற்றிருக்கும்.
3. துல்லியமாகவோ தோராயமாகவோ தன்னொப்புமை உடையதாக இருக்கும்.
4. அதன் பரிமாணம் இடவியல் பரிமாணத்தைவிட மிகுதியாக இருக்கும்.
5. திரும்பத்திரும்பச் செய்யப்படும் ஓர் எளிய விதியால் உருவாக்கப்படும்.

தன்னொப்புமைப் பரிமாணம்

ஒரு கோட்டுத்துண்டை மூன்றில் ஒரு பங்கு அளவுடைய துண்டுகளாகப் பிரித்தால் 3 துண்டுகள் கிடைக்கும். சதுரத்தின் பக்கங்களை அவ்வாறு பிரித்தால் 9 சிறு சதுரங்களும், கனசதுரத்தைப் பிரித்தால் 27 சிறு கனசதுரங்களும் கிடைக்கும். இவை முறையே 3 இன் 1 ஆம், 2 ஆம், 3 ஆம் அடுக்குகள். இந்த அடுக்கு எண்களே அவ்வடிவங்களின் பரிமாணங்கள் ஆகும். இதனைப் பொதுவாகப் பின்வருமாறு எழுதலாம்.

பரிமாணம் = மடக்கை (துண்டுகளின் எண்ணிக்கை) ÷ மடக்கை (சுருக்க விகிதம்)

கோச் வளைகோட்டை அமைக்க, ஒரு கோட்டுத்துண்டை மூன்று சம பங்குகளாக்கி, நடுப்பங்கை நீக்கி, அவ்விடத்தில் ஒரு சமபக்க முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களை வைக்க வேண்டும். இப்போது மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள 4 துண்டுகள் உள்ளன. ஒவ்வொரு துண்டுக்கும் இதே செயலை முடிவின்றிச் செய்தால் கோச் வளைகோடு கிடைக்கும். சுருக்க விகிதம் 3, துண்டுகள் 4. எனவே பரிமாணம் மடக்கை 4 ÷ மடக்கை 3, அதாவது ஏறத்தாழ 1.262 ஆகும். இது கோட்டைவிட 'மிகுதி', பரப்பைவிடக் 'குறைவு'.

ஒவ்வொரு படியிலும் நீளம் 4/3 மடங்காகிறது. 1 மீட்டர் நீளக் கோட்டில் தொடங்கினால் 5 ஆம் படியில் நீளம் 4.21 மீட்டர், 10 ஆம் படியில் 17.76 மீட்டர், 20 ஆம் படியில் 315 மீட்டர். இறுதியில் நீளத்துக்கு எல்லையே இல்லை. ஆயினும் மூன்று கோச் வளைகோடுகளை ஒரு முக்கோணத்தின் பக்கங்களில் வெளிநோக்கி அமைத்துப் பெறும் 'பனித்திவலை' வடிவத்தின் பரப்பு, தொடக்க முக்கோணத்தின் பரப்பைப்போல் 8/5 மடங்கு மட்டுமே. எல்லையற்ற சுற்றளவு எல்லைக்குட்பட்ட பரப்பைச் சூழ்ந்து நிற்பது பகுவல்களின் வியப்பூட்டும் பண்புகளுள் ஒன்றாகும்.

சில பகுவல்களின் பரிமாணங்கள்

கேன்ட்டர் கணம்: 0.631
கோச் வளைகோடு: 1.262
சியர்பின்ஸ்கி முக்கோணம்: 1.585
சியர்பின்ஸ்கி கம்பளம்: 1.893
மாண்டல்பிராட் கணத்தின் எல்லைக்கோடு: 2
மெங்கர் பஞ்சு: 2.727

மேரு பிரஸ்தாரமும் சியர்பின்ஸ்கி முக்கோணமும்

பாஸ்கல் முக்கோணம் என இன்று வழங்கும் எண் முக்கோணம் இந்தியாவில் மேரு பிரஸ்தாரம் என்னும் பெயரால் அறியப்பட்டிருந்தது. பிங்கலரின் யாப்பிலக்கண நூலுக்கு 10 ஆம் நூற்றாண்டில் ஹலாயுதர் எழுதிய உரையில் இது விளக்கப்பட்டுள்ளது. இம்முக்கோணத்தில் ஒற்றை எண்கள் உள்ள கட்டங்களுக்கு மட்டும் வண்ணமிட்டால் சியர்பின்ஸ்கி முக்கோணத்தின் வடிவம் வெளிப்படும். முதல் 2 வரிசைகளில் 3 ஒற்றை எண்களும், 4 வரிசைகளில் 9 உம், 8 வரிசைகளில் 27 உம், 16 வரிசைகளில் 81 உம் இருக்கும். வரிசைகள் இருமடங்காகும்போது ஒற்றை எண்கள் மும்மடங்காகின்றன. எனவே பரிமாணம் மடக்கை 3 ÷ மடக்கை 2, அதாவது 1.585. ஒரு கட்டமிட்ட தாளும் எழுதுகோலும் இருந்தால் மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம்.

கோலங்களில் பகுவல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகள் உட்பட, தமிழ்நாடெங்கும் மார்கழி மாதத்தில் வீட்டு வாசல்களில் பெரிய கோலங்கள் இடப்படுகின்றன. இவற்றுள் புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கோடுகளாலானவை சிக்குக் கோலம் அல்லது கம்பிக் கோலம் எனப்படும். சில கோலங்களில் கோடு ஓரிடத்தில் தொடங்கி, எங்கும் முறியாமல், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்.

தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி (1932–1988), இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974 இல் கோலங்களை வரிசையணி இலக்கணங்கள் கொண்டு விவரிக்கும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். மொழியின் தொடர்களை இலக்கண விதிகள் உருவாக்குவதுபோல, ஒரு சிறு விதித்தொகுப்பு ஒரு கோலக் குடும்பம் முழுவதையும் உருவாக்கும் என்பது இவ்வாய்வின் அடிப்படை. கோலமிடுவோரின் கைவீச்சை முன்செல்லல், வலப்புறம் மூன்று வகைத் திருப்பங்கள், இடப்புறம் மூன்று வகைத் திருப்பங்கள் என 7 அசைவுகளாகக் கிஃப்ட் சிரோமணி பின்னர் வகுத்தார். 1983 இல் இராணி சிரோமணியும் கே. ஜி. சுப்பிரமணியனும் இடநிரப்பு வளைகோடுகளை இத்தகைய விதிகளால் உருவாக்குவது பற்றி எழுதினர்.

அரிஸ்டிட் லிண்டன்மயர் என்னும் உயிரியலாளர் 1968 இல் தாவர வளர்ச்சியை விவரிக்க லிண்டன்மயர் முறைமையை உருவாக்கியிருந்தார். இம்முறைமையைக் கணினி வரைகலைக்குப் பயன்படுத்திய பிரெமிஸ்லாவ் புருசிங்கீவிச், சென்னை ஆய்வாளர்களின் கோலங்களையும் எடுத்துக்காட்டுகளாகக் கையாண்டார். அவற்றுள் ஒன்று, 'கண்ணனின் கொலுசுகள்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அறியப்படும் கோலம்.

இக்கோலத்தைப் பின்வரும் குறியீடுகளால் அமைக்கலாம்.

மு: ஓர் அலகு முன்சென்று கோடு வரைக.
−: 45 பாகை திரும்புக (எப்போதும் ஒரே பக்கம்).
அ: தான் எதையும் வரையாது, அடுத்த படியில் விரிவடையும்.

தொடக்கம்: − அ − − அ
விதி: அ → அ மு அ − − அ மு அ

முதற்படியில் ஒவ்வொரு 'அ'வுக்கும் பதிலாக விதியின் வலப்பக்கத்தை இட்டால், நான்கு 'மு'க்களும் அவற்றுக்கிடையே இரண்டிரண்டு '−' குறிகளும் கிடைக்கும். இரண்டு '−' சேர்ந்து 90 பாகை ஆதலால், இது முனையில் நிற்கும் ஒரு சதுரம். இரண்டாம் படியில் நடுவில் ஒரு சதுரமும் அதன் நான்கு மூலைகளில் நான்கு சதுரங்களும் தோன்றும். இவ்வைந்தும் தனித்தனிச் சதுரங்கள் அல்ல. ஒரே கோடு ஒவ்வொரு மூலையிலும் தன்னைத் தானே வெட்டிச் சுழித்துச் செல்வதால் உண்டாகும் கண்ணிகள். மூன்றாம் படியில், இரண்டாம் படி வடிவத்தின் நான்கு படிகள் நான்கு மூலைகளில் அமைய, நடுவில் ஒரு சிறு சதுரம் அவற்றை இணைக்கும்.

படி 1: சதுரங்கள் 1, கோட்டலகுகள் 4, அகலம் 1
படி 2: சதுரங்கள் 5, கோட்டலகுகள் 20, அகலம் 3
படி 3: சதுரங்கள் 21, கோட்டலகுகள் 84, அகலம் 7
படி 4: சதுரங்கள் 85, கோட்டலகுகள் 340, அகலம் 15

ஒவ்வொரு படியிலும் முந்தைய எண்ணிக்கையை நான்கால் பெருக்கி ஒன்று கூட்டினால் அடுத்த படியின் சதுரங்கள் கிடைக்கும். அகலத்தை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும். படிகள் பெருகப் பெருக, எண்ணிக்கை ஏறத்தாழ 4 மடங்காகவும் அகலம் ஏறத்தாழ 2 மடங்காகவும் வளர்கின்றன. எனவே பரிமாணம் மடக்கை 4 ÷ மடக்கை 2, அதாவது 2. கோட்டால் வரையப்பட்ட ஒன்று எல்லைநிலையில் சதுரப் பரப்பையே நிரப்பிவிடுகிறது. பியானோ, ஹில்பர்ட் ஆகியோரின் வளைகோடுகளும் இவ்வகையினவே.

வாசலில் இடப்படும் கோலம் நான்கைந்து படிகளுக்கு மேல் செல்வதில்லை. ஆகவே கோலம் பகுவல் அன்று. பகுவலை உருவாக்கும் விதியின் முதற்படிகள் என்பதே துல்லியமான கூற்று. கோலமிடுவோர் பகுவல் கணிதத்தை முன்பே அறிந்திருந்தனர் என்று இதனால் கொள்ள இயலாது. ஆயினும், ஒரு சிறு அசைவுத் தொகுப்பை நினைவிற்கொண்டு அதனைத் திரும்பத்திரும்பக் கையாண்டு பெரிய கோலத்தைப் பிழையின்றி முடிக்கும் திறன், மீள்செய்கை என்னும் கணிதக் கருத்தின் செயல்வடிவமே ஆகும்.

கடற்கரையின் நீளம்

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர், அளவுகோல் சிறிதாகச் சிறிதாகக் கடற்கரையின் அளந்த நீளம் மிகுந்துகொண்டே செல்வதைக் கண்டறிந்தார். அவர் 1953 இல் மறைந்த பின்னர் 1961 இல் இது வெளியானது. மாண்டல்பிராட் இதனைப் பரிமாணத்தோடு தொடர்புபடுத்தி, பிரித்தானியாவின் மேற்குக் கடற்கரையின் பரிமாணம் ஏறத்தாழ 1.25 என்று காட்டினார்.

இதற்கு இந்தியாவிலேயே தெளிவான சான்று உள்ளது. 1970களில் மேற்கொள்ளப்பட்ட அளவீட்டின்படி இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் எனப் பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்றது. இந்திய உள்துறை அமைச்சகத்தின் 2023–24 ஆண்டறிக்கையில் இது 11,098.81 கிலோமீட்டர் எனத் திருத்தப்பட்டது. முந்தைய அளவீடு 45 இலட்சத்துக்கு 1 என்னும் அளவுத்திட்டத்திலும், புதிய அளவீடு 2.5 இலட்சத்துக்கு 1 என்னும் அளவுத்திட்டத்திலும் அமைந்த வரைபடங்களைக் கொண்டு செய்யப்பட்டவை. முன்பு விடுபட்ட கழிமுகங்கள், ஓதவோடைகள் முதலியனவும் இப்போது கணக்கில் வந்தன. நிலம் வளரவில்லை, அளவுகோல் நுண்மையாயிற்று.

மாநிலங்களுக்கிடையேயான வேறுபாடும் கருதத்தக்கது. தமிழ்நாட்டின் கடற்கரை 906.9 இலிருந்து 1,068.69 கிலோமீட்டராக, ஏறத்தாழ 18 விழுக்காடு மட்டுமே மிகுந்தது. மேற்கு வங்கத்தின் கடற்கரையோ 157.5 இலிருந்து 721.02 கிலோமீட்டராக, நான்கரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. சோழமண்டலக் கடற்கரை பெரும்பாலும் நேரான மணற்கரை. சுந்தரவனமோ கிளைக்குள் கிளையாகப் பிரியும் ஓடைகளின் வலை. கரை எந்த அளவுக்குக் கரடுமுரடானதோ அந்த அளவுக்கு நீளம் அளவுகோலைச் சார்ந்திருக்கும்.

ஏரிகளிலும் இதனைக் காணலாம். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி போன்ற தமிழகத்து ஏரிகளில், மனிதர் எழுப்பிய கரை சீரான கோடாகச் செல்லும். அதனை எந்த அளவுகோலால் அளந்தாலும் ஏறத்தாழ ஒரே நீளம் கிடைக்கும். எதிர்ப்புறத்தில் நீர் நிலத்தின் மேடுபள்ளங்களைப் பின்பற்றிப் பரவுவதால் அவ்விளிம்பு ஒழுங்கற்றது. அங்கு அளவுகோல் மாற நீளமும் மாறும்.

இயற்கையில் பகுவல்

பெரணியின் இலை, பூக்கோசு, மின்னல், ஆற்றுக் கிளைகள், இரத்தக் குழாய்கள் ஆகியவை தோராயமான தன்னொப்புமை உடையவை. மனித நுரையீரலில் மூச்சுக்குழல் ஏறத்தாழ 23 தலைமுறைகளாகக் கிளைத்து, மார்புக்கூட்டுக்குள் மிகப்பெரிய பரப்பை அடக்குகிறது. சிறிய கன அளவில் பெரிய பரப்பைப் பெறுவதே இத்தகைய அமைப்பின் பயன். இயற்கைப் பகுவல்களில் தன்னொப்புமை சில படிகளோடு நின்றுவிடும். பெரணியின் இலையைத் தொடர்ந்து பெரிதாக்கினால் இறுதியில் உயிரணுக்களே தெரியும்.

பயன்பாடுகள்

1. கணினி வரைகலை: 1982 இல் வெளியான ஸ்டார் டிரெக் திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தில் ஒரு கோளின் மலைகள் பகுவல் முறையில் உருவாக்கப்பட்டன.
2. அலைவாங்கிகள்: கோச், சியர்பின்ஸ்கி வடிவங்களில் அமைந்த அலைவாங்கிகள் சிறிய இடத்தில் பல அலைவரிசைகளில் இயங்க வல்லவை.
3. படச் சுருக்கம்: 1980களில் மைக்கேல் பார்ன்ஸ்லி உருவாக்கிய பகுவல் சுருக்கமுறை 1990களில் மைக்ரோசாஃப்டின் என்கார்ட்டா குறுந்தட்டில் பயன்பட்டது.
4. பொருளியல்: பருத்தி விலையின் ஏற்ற இறக்கங்கள் குறித்து மாண்டல்பிராட் 1963 இல் வெளியிட்ட ஆய்வு, நாள் அளவிலும் மாத அளவிலும் அவை ஒத்த போக்குடையவை என்று காட்டியது.

சொற்பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

அன்றாட வழக்கில் திரும்பத்திரும்ப வரும் எந்த அழகிய வடிவத்தையும் பகுவல் என்று அழைக்கும் போக்கு உள்ளது. பின்வரும் வேறுபாடுகளைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

தன்னொப்புமை உடையவை யாவும் பகுவல்கள் அல்ல. நேர்கோட்டின் ஒவ்வொரு துண்டும் நேர்கோடே. எனினும் அது பகுவல் அன்று.

பகுவல்கள் யாவும் துல்லியமான தன்னொப்புமை உடையவை அல்ல. மாண்டல்பிராட் கணத்தைப் பெரிதாக்கும்போது அதன் சிறு வடிவங்கள் மீண்டும் மீண்டும் தோன்றினும், அவற்றைச் சூழ்ந்த இழைகள் இடத்துக்கு இடம் வேறுபடும்.

ஒரே அளவில் அடுக்கப்பட்ட வடிவங்கள் பகுவல் ஆகா. தரையோட்டில் மீண்டும் மீண்டும் வரும் பூவேலை, அளவு மாறாமல் வருவதால், வெறும் மீள்கோலம் ஆகும்.

திராவிடக் கட்டடக்கலைக் கோபுரங்களில் முழுக் கட்டடத்தின் சிற்றுருவங்களான கூடம், சாலை, பஞ்சரம் ஆகியவை தளந்தோறும் அமைக்கப்படுகின்றன. இதனைப் பகுவல் தன்மை என விவரிப்போர் உண்டு. எனினும் இங்கும் படிகள் மிகச் சிலவே ஆதலால், 'பகுவலை ஒத்த அமைப்பு' என்பதே பொருத்தமான வழக்காகும்.

இவற்றையும் பார்க்க

கோலம்
சியர்பின்ஸ்கி முக்கோணம்
பாஸ்கல் முக்கோணம்
மாண்டல்பிராட் கணம்
லிண்டன்மயர் முறைமை
ஒழுங்கின்மைக் கோட்பாடு